ராத்திரி 3.10-க்கு என் இதயம் நின்றதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 56 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம், பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறேழு மாதமாக நெஞ்சு திடீரென்று ஒரு துடிப்பை விட்டுவிடுகிறது, அப்புறம் டமால் என்று ஒரு அடி. ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அதிகம். மயக்கம் போட்டு விழுந்ததில்லை. எக்கோ நார்மல். 24 மணி நேரம் கருவியை உடம்பில் கட்டி ஈசிஜி எடுத்த ஹோல்டர் ரிப்போர்ட்டில் மொத்தத் துடிப்பு 98,400, எக்டோபிக் 2,140, குறைந்தபட்ச வேகம் 41, அதிகபட்ச இடைவெளி 2.6 வினாடி, விடியற்காலை 3.10 என்று இருக்கிறது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஆனால் என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு “இரண்டரை வினாடி ஹார்ட் நின்றிருக்கிறது, நாள் கடத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். அன்றிலிருந்து மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டேதான் படுக்கிறேன். பையன் வாங்கிக் கொடுத்த வாட்ச் ஒருநாள் 38 என்று காட்டியது. சில்வர் பீச் வாக்கிங்கை நிறுத்திவிட்டேன், ஸ்கூட்டியும் எடுப்பதில்லை. பிரஷருக்கு மெட்டோப்ரோலால் 50 ராத்திரி போடுகிறேன். கண் பிரஷருக்கு டிமோலால் சொட்டு மருந்து இரண்டு வேளை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன். தூக்கத்தில் அப்படியே நின்றுவிடுமா? ரிப்போர்ட் முழுவதையும், அன்று நான் எழுதிய டைரித் தாளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் டீச்சர். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படிக்க அப்போதுதான் மனசு வரும். நீங்கள் அனுப்பிய எக்கோவிலும் ஹோல்டரிலும் தூக்கத்தில் இதயம் நின்றுபோகும் என்று காட்டுகிற எதுவும் இல்லை. பேஸ்மேக்கர் இப்போது தேவை என்றும் நான் சொல்ல மாட்டேன். அதே சமயம் “ஒன்றுமில்லை” என்ற ஒற்றை வார்த்தையோடு ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டவும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் சம்பந்தமில்லை என்று நீங்கள் எழுதிய அந்தக் கண் மருந்து வரியில்தான் நான் நின்றேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரிப்போர்ட்டையும் டைரித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் 7.40-க்கு நேராக “நின்று அடித்தது, ரொம்பப் பயம்” என்று எழுதியிருக்கிறீர்கள், பேனாவை அழுத்தி எழுதியது ஸ்கேனில்கூடத் தெரிகிறது. அந்த நேரத்துப் பதிவில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த துடிப்புகளுக்கு நடுவே ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்திருக்கிறது, அதன் பின்னால் 1.2 வினாடி இடைவெளி, அப்புறம் வழக்கமான துடிப்பு. அவ்வளவுதான். பிறகு விடியற்காலை 3.10-ஐப் பார்த்தேன். அங்கேதான் அந்த 2.6 வினாடி. அந்த நேரத்துக்கு நேராக உங்கள் கையெழுத்தில் இருப்பது “தூக்கம்”. அதாவது டீச்சர், நீங்கள் உணர்ந்து நடுங்கிய நேரத்தில் இதயம் நிற்கவில்லை. கொஞ்சம் நீளமாக நின்ற நேரத்தில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். இவை இரண்டும் வேறு வேறு விஷயம். உங்கள் வீட்டில் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள், அதனால்தான் இத்தனை பயம்.

முதலில் நீங்கள் உணர்கிற அந்த “விடுபட்ட” துடிப்பு. உண்மையில் எந்தத் துடிப்பும் விடுபடுவதில்லை. இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒன்று இருக்கிறது, அதுதான் ஒவ்வொரு துடிப்பையும் ஆரம்பித்து வைக்கிறது. சில சமயம் இதயத்தின் வேறொரு மூலையிலிருந்து ஒரு செல் கூட்டம் முந்திக்கொண்டு மின்சாரத்தைக் கிளப்பிவிடும், பஜனையில் யாரோ ஒருவர் அவசரப்பட்டு ஜால்ராவை முன்னாடியே தட்டிவிடுவது போல. அதுதான் எக்டோபிக். அது சீக்கிரம் வந்துவிடுவதால் இதயத்தில் ரத்தம் நிரம்ப நேரமில்லை, அந்தத் துடிப்பு பலவீனமாகப் போகும், மணிக்கட்டு வரை வந்தே சேராது. விரல் வைத்திருக்கும் உங்களுக்கு ஒரு துடிப்பு காணாமல் போன மாதிரி இருக்கும். அடுத்து வரும் இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிரம்புகிறது, இதயத் தசையும் அடுத்த துடிப்பில் வழக்கத்தைவிட பலமாகச் சுருங்குகிறது. நீங்கள் சொல்கிற டமால் அதுதான். சொல்லப்போனால் அந்த அடி, தசை நன்றாக வேலை செய்வதன் சத்தம்.

இடது பக்கம் படுத்தால் அதிகம் என்கிறீர்கள். இடது பக்கம் ஒருக்களித்தால் இதயத்தின் நுனி விலா எலும்புச் சுவரை ஒட்டி வருகிறது, வீடும் அமைதியாக இருக்கிறது, அதனால் ஒவ்வொரு அசைவும் தெரிகிறது. வலது பக்கம் திரும்பிப் படுங்கள், தலையணையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிற எத்தனையோ பேர் இதே புகாரோடு வருகிறார்கள்.

2,140 என்ற எண் உங்களைப் பயமுறுத்துகிறது, புரிகிறது. ஆனால் அதை 98,400-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நூற்றுக்கு இரண்டு என்று வரும். எண்ணிக்கை பற்றி நாங்கள் யோசிக்க ஆரம்பிப்பது பொதுவாக நூற்றுக்குப் பத்தைத் தாண்டும்போது, அதாவது ஒரு நாளில் பத்தாயிரத்துக்கு மேல் போகும்போது. அந்த அளவில் மாதக்கணக்காக, வருஷக்கணக்காக நீடித்தால் சிலருக்கு இதயத் தசை தளர்ந்து வீங்க வாய்ப்பு உண்டு, அப்போது மாத்திரையோ, அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுட்டு அணைக்கிற அப்லேஷன் சிகிச்சையோ தேவைப்படும். உங்கள் எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் திறன் 62 சதவீதம். நல்ல எண். இந்த எக்கோவும் அந்த நூற்றுக்கு இரண்டும் சேர்ந்துதான் உங்கள் டாக்டரை “பயப்பட ஒன்றுமில்லை” என்று சொல்ல வைத்திருக்கும். அவர் இன்னும் நாலு வாக்கியம் பேசியிருக்கலாம், ஆனால் சொன்ன விஷயம் சரி.

இந்த எக்டோபிக்கை மாத்திரை போட்டு அடியோடு நிறுத்திவிட முடியாதா என்று கேட்கத் தோன்றும். 1980களில் அப்படித்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் நினைத்தார்கள். ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கு இந்த அதிகப்படித் துடிப்புகளை அடக்க என்கெய்னைட், ஃப்ளெக்கெய்னைட் என்ற மருந்துகளைக் கொடுத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள், கேஸ்ட் என்று பெயர். துடிப்புகள் அடங்கின, ஈசிஜி அழகாக ஆனது. ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் அதிகமாக இறந்தார்கள், 1989-ல் ஆய்வின் அந்தப் பகுதியையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதிலிருந்து, எண்ணிக்கையை அழகுபடுத்துவதற்காக மருந்து கொடுப்பதில்லை. தொந்தரவு தாங்க முடியாவிட்டாலோ இதயத் தசை பாதிக்கப்பட்டாலோதான் கொடுக்கிறோம். “ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்கள்” என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

இனி அந்த 2.6 வினாடி. ஹோல்டர் தாள் ஒரு வினாடிக்கு 25 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அச்சாகிறது, அதனால் 2.6 வினாடி என்பது தாளில் ஆறரை சென்டிமீட்டர். ஆள்காட்டி விரல் நீளத்துக்கு வெறும் கோடு. அதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும், உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் பதறியதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கோட்டை மட்டும் பார்க்கக் கூடாது, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் பதிவில் அந்த இடைவெளிக்கு முன்னால் ஏழெட்டுத் துடிப்புகளாகவே நடுத்தூரம் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டு வருகிறது, அப்புறம் அந்த நீள இடைவெளி, அப்புறம் மறுபடி மெதுவாக நெருங்கிக்கொள்கிறது. திடீரென்று அறுந்துபோகவில்லை. இது வேகஸ் நரம்பின் வேலை. ஆழ்ந்த தூக்கத்தில் அந்த நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடும், எல்லோருக்கும் போடும். நோயில்லாத இளைஞர்களுக்கும் ஓட்டப்பந்தயக்காரர்களுக்கும் தூக்கத்தில் இரண்டு வினாடி, அதற்கு மேலும் இடைவெளி வருவது சாதாரணம். மூளைக்கு ரத்தம் அடியோடு நின்று ஆறிலிருந்து எட்டு வினாடி ஆனால்தான் நினைவு தப்பும். 2.6 அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

இத்தனை வினாடி தாண்டினால் பேஸ்மேக்கர் என்று ஒரு கோடு எங்கேயோ கிழித்து வைத்திருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். சைனஸ் கணு மெதுவாவதால் வருகிற இடைவெளிக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. 2018-ல் அமெரிக்க இதயநோய் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: இடைவெளிக்கும் உங்கள் தொந்தரவுக்கும் நேரம் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. தூக்கத்தில் மட்டும் வரும் இடைவெளிக்காக, வேறு காரணம் இல்லாமல், பேஸ்மேக்கர் வைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

இதே 2.6 வினாடி பகல் பதினோரு மணிக்கு, நீங்கள் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது, கண் இருட்டிக்கொண்டு வந்து மேசையைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் பதிவாகியிருந்தால் என் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். மேலறை ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருக்க, செய்தி கீழறைக்குப் போய்ச் சேராமல் நடுவில் அறுந்து வரும் இடைவெளியும் வேறு ரகம். அது ஹார்ட் பிளாக். அதில் சில வகைகளுக்கு, தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும். மேலறையே தாறுமாறாகத் துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு அந்த வேகத் துடிப்பு அடங்குகிற நொடியில் ஐந்து, ஆறு வினாடி நின்று மயக்கம் போடுவது உண்டு. உங்கள் உறவினருக்கு இவற்றில் ஏதோ ஒன்று இருந்திருக்கும், அவருக்கு பேஸ்மேக்கர் உயிர் காத்திருக்கும். உங்கள் பதிவில் இந்த இரண்டுமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விடுவதால் எத்தனையோ பேர் ஏமாந்து போகிறார்கள். பேஸ்மேக்கர் எக்டோபிக்கை நிறுத்தாது. இதயம் குறிப்பிட்ட நேரத்துக்குள் துடிக்காவிட்டால் தானே ஒரு துடிப்பைக் கொடுக்கும், அதுதான் அதன் வேலை. முந்திக்கொண்டு வருகிற துடிப்பை அதனால் தடுக்க முடியாது. நீங்கள் நாளைக்கே வைத்துக்கொண்டாலும் சாயங்காலம் 7.40-க்கு வருகிற டமால் வந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, கண் மருந்து. டிமோலால், மெட்டோப்ரோலால், இரண்டின் வால் எழுத்தும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டும் பீட்டா பிளாக்கர் என்ற ஒரே குடும்பம். இரண்டும் இதயத்தின் வேகத்தைக் குறைக்கும். கண்ணில் விடுவது கண்ணோடு போய்விடும் என்று நினைக்கிறோம், ஆனால் கண்ணின் உள் ஓரத்தில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக மருந்து மூக்குக்குள் இறங்குகிறது, மூக்கின் சவ்வு அதை நேராக ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலைத் தாண்டி வரவேண்டும், அங்கே ஒரு பங்கு அழிந்துவிடும். சொட்டு மருந்துக்கு அந்தச் சோதனைச் சாவடி கிடையாது. அதனால் ஒரு சொட்டுதானே என்று நினைப்பதைவிட அதிகமாகவே அது இதயத்தில் வேலை செய்யும். நீங்கள் ராத்திரி மெட்டோப்ரோலாலையும் போட்டு, படுக்கப் போகும் முன் டிமோலாலையும் விட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகிறீர்கள். மூன்றும் சேர்ந்து ஒரே திசையில் இழுக்கின்றன. 41 என்ற வேகமும் 2.6 வினாடியும் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே இரண்டையும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. கண் பிரஷர் ஏறினால் பார்வை நரம்பு சேதமாகும், போன பார்வை திரும்பி வராது. மெட்டோப்ரோலாலைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷரும் படபடப்பும் எகிறும். செய்ய வேண்டியது இதுதான்: கண் டாக்டரிடம் போய் “நான் பிரஷருக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறேன், ஹோல்டரில் இடைவெளி வந்திருக்கிறது” என்று ரிப்போர்ட்டைக் காட்டிச் சொல்லுங்கள். கண் பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் அல்லாத சொட்டு மருந்துகள் இருக்கின்றன, லட்டனோப்ரோஸ்ட் போல, அவர் உங்கள் கண்ணுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்வார். பிரஷர் பார்க்கும் டாக்டரிடமும் கண் மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள், ஹார்ட் அட்டாக் போல வேறு காரணம் இல்லாமல் வெறும் பிரஷருக்கு மட்டும்தான் மெட்டோப்ரோலால் என்றால் வேறு வகைக்கு மாற்ற அவருக்கு வழி இருக்கிறது. எங்கள் ஓபியில் “என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்” என்று கேட்டால் கண் சொட்டு மருந்தை யாரும் சொல்வதே இல்லை, நாங்களும் பல நேரம் கேட்பதில்லை. நீங்கள் எழுதினீர்கள். அது பெரிய உதவி.

மாற்றும் வரைக்கும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஆள்காட்டி விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். அந்த ஓட்டை அடைபட்டால் மூக்குக்குள் இறங்குவது வெகுவாகக் குறையும், மருந்து கண்ணிலேயே நின்று அதன் வேலையையும் நன்றாகச் செய்யும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி: டீச்சர் குறட்டை விடுவாரா? குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, அப்புறம் திணறி இழுப்பது போல இருக்கிறதா? காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது உண்டா? இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற ஸ்லீப் அப்னியாவுக்குப் பரிசோதனை செய்யச் சொல்வேன். ராத்திரி இடைவெளிகளுக்கு அது அடிக்கடி காரணமாக இருக்கிறது, அதைச் சரிசெய்தாலே பலருக்கு இடைவெளி மறைந்துவிடுகிறது. தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம், மக்னீசியம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் வியர்த்துக் கொட்டும்போதும், வயிற்றுப்போக்கு வந்த மறுநாளும் எக்டோபிக் கூடுவது சகஜம், உப்புச் சத்து இறங்குவதால். இளநீர் நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு இளநீரையும் பண்ருட்டிப் பலாவையும் தாராளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும்.

காபி, டீயை அடியோடு விட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று குடியுங்கள், சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம். குடித்த அன்று நிச்சயமாகக் கூடுகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் விட்டுவிடுங்கள். தூக்கமின்மைதான் இதைவிடப் பெரிய தூண்டுதல், நீங்கள் மாதக்கணக்காக விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறீர்கள். மது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம், ஆனால் இதைப் படிக்கும் புதுச்சேரி நண்பர்களுக்குச் சொல்கிறேன், சனிக்கிழமை ராத்திரி அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது என்று வருகிறவர்கள் நிறைய, அது வெறும் எக்டோபிக் இல்லாமல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம், அதில் பக்கவாதம் வரும் ஆபத்து இருக்கிறது.

வாட்ச் 38 காட்டியது. வாட்ச் தோலுக்குக் கீழே ரத்தம் வந்து போவதை ஒளியால் பார்த்து எண்ணுகிறது. ஒன்று விட்டு ஒன்று எக்டோபிக் வந்தால் பலவீனமான துடிப்பு மணிக்கட்டுக்கு வராது, இதயம் 76 துடித்தாலும் வாட்ச் பாதியைத்தான் எண்ணும், 38 என்று காட்டும். பிரஷர் மெஷினும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இதே தப்பைச் செய்யும். உங்களுக்கு அன்று நடந்தது அதுதானா, நிஜமாகவே மெதுவாகத் துடித்ததா என்பதை ஈசிஜி இல்லாமல் சொல்ல முடியாது. அந்த வாட்சில் ஈசிஜி எடுக்கும் வசதி இருந்தால், தொந்தரவு வரும்போது 30 வினாடி எடுத்துச் சேமித்து வையுங்கள், அது எங்களுக்கு உபயோகம். 1940களின் கடைசியில், இந்த ஹோல்டர் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்த நார்மன் ஹோல்டர் முதன்முதலில் செய்த கருவி ஏறக்குறைய 38 கிலோ, முதுகில் சுமக்க வேண்டும். இன்று அந்த வசதியைக் கையில் கட்டியிருக்கிறோம், அதை வேண்டும்போது மட்டும் உபயோகிப்பதுதான் நல்லது. ராத்திரி கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். மணிக்கட்டில் விரல் வைப்பதையும் விட்டுவிடுங்கள் டீச்சர். கவனித்துக்கொண்டே இருந்தால் பயத்தில் அட்ரினலின் சுரக்கும், அது இன்னும் நாலு எக்டோபிக்கைக் கொண்டுவரும், அதை எண்ணி இன்னும் பயப்படுவீர்கள்.

துடிப்பு விட்டுப் போனால் பலமாக இருமினால் சரியாகிவிடும், ஹார்ட் அட்டாக்கே நின்றுவிடும் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வருஷா வருஷம் சுற்றும், உங்களுக்கும் வந்திருக்கும். அதை நம்ப வேண்டாம். இருமி இருமி நேரத்தை வீணாக்கியவர்கள் உண்டு.

நடையை ஆரம்பியுங்கள். அதற்கு முன் ஒருமுறை டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்டால் உங்களுக்கே தைரியம் வரும். வேகம் கூடக் கூட எக்டோபிக் குறைந்து மறைந்தால் அது நல்ல அறிகுறி. மாறாக ஓடும்போது அதிகமானாலோ, நடக்க நடக்க இதயத்தின் வேகம் ஏறவே இல்லை என்றாலோ மேற்கொண்டு பார்க்க வேண்டும். டிரெட்மில் சரியாக இருந்தால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் பழையபடி நடக்கலாம், முதல் வாரம் தட்டையான ரோட்டில், வெயில் ஏறுவதற்கு முன். ஸ்கூட்டியும் ஓட்டலாம். மயங்கி விழுந்தவர்களைத்தான் காரணம் தெரியும்வரை வண்டி ஓட்டாதீர்கள் என்று தடுக்கிறோம், நீங்கள் விழுந்ததில்லை.

எப்போது நான் சொன்னதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பி விழுந்தால், குறிப்பாகக் கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் முகத்தில் அடிபட விழுந்தால், அன்றே ஆஸ்பத்திரி. நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ மயக்கம் வந்தாலும் அப்படியே. நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வையோடு துடிப்பு தாறுமாறாகப் போனால் 108-ஐக் கூப்பிடுங்கள், கடலூரிலும் புதுச்சேரியிலும் அதே எண்தான். துடிப்பில் எந்த ஒழுங்கும் இல்லாமல் மணிக்கணக்காக நீடித்தால் அந்த நேரத்திலேயே எங்காவது ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள், நின்ற பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் ரத்த சொந்தத்தில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்காரருக்கு ஒன்று, இது உங்களுக்காக மட்டும் இல்லை, யாருக்காகவும்: ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும்.

நாளைக்கே ஒருவேளை பேஸ்மேக்கர் தேவைப்படும் நிலை வந்தாலும் அது பயப்படுகிற விஷயம் இல்லை. உலகத்திலேயே முதன்முதலில் உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது 1958-ல், ஸ்வீடனில், ஆர்னே லார்சன் என்பவருக்கு. அவருக்கு ஹார்ட் பிளாக், ஒரு நாளில் பலமுறை நினைவு தப்பிக்கொண்டிருந்தவர். முதல் கருவி சில மணி நேரத்தில் பழுதாகிவிட்டது. அப்புறம் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றி இருபதுக்கும் மேல் வைத்தார்கள், அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார், இறந்ததும் இதயத்தால் இல்லை, புற்றுநோயால். இன்று கழுத்தெலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். தேவைப்படுகிறவர்களுக்கு அருமையான கருவி. தேவையில்லாதவர்களுக்கு வைத்தால் கிருமித் தொற்று, ஒயர் பழுது, பத்து வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரிக்காக மறுபடி கீறல் என்று இல்லாத தொல்லையை விலைக்கு வாங்குவதாகும். உங்கள் உறவினரிடம் கோபப்படாதீர்கள், அக்கறையில் சொல்லியிருக்கிறார், இந்தப் பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கண் டாக்டரைப் பார்க்கப் போகும்போது சொட்டு மருந்து பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள், அதே பையோடு பிரஷர் டாக்டரிடமும் போங்கள். மருந்து மாற்றி இரண்டு மூன்று வாரம் ஆனபிறகு இன்னொரு ஹோல்டர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் 48 மணி நேரத்துக்கு. இடைவெளி சுருங்கியிருந்தால் இந்த அத்தியாயம் முடிந்தது. மருந்து மாற்றிய பிறகும் அப்படியே இருந்தாலோ, பகலிலும் வர ஆரம்பித்தாலோ, புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி போல இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கிற பிரிவு உள்ள இடத்துக்கு அந்த இரண்டு ரிப்போர்ட்டோடு வந்து காட்டுங்கள். கடலூரிலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடலாம். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.